ஓடுபாதையில் ஆள்

படிவத்தின் முதல் கட்டத்தில் பெயர்:
கோகிலம் படையாச்சி.
நான்காவது கட்டம்: இதற்குமுன் தோற்றதுண்டா?
ஒருமுறை, மே மாதம், என்று எழுதினேன்.
காரணம் எழுத இடம் விடவில்லை.
விட்டிருந்தால் எழுதியிருப்பேன்:
நான் கத்தவில்லை.

டொங்காட்டுக்கு வடக்கே கரும்புக்கு நடுவே
ஒட்ட வெட்டிய புல்பட்டை ஒன்று.
அங்கே நின்று விமானம் விடுகிறவர்
செய்வதையெல்லாம் உரக்கச் சொல்லியாக வேண்டும்.
ஏறுகிறேன். இறங்குகிறேன்.
ஓடுபாதையில் ஆள்.
மோட்டார் போய்விட்டது.
பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் தலை இருக்கிறதல்லவா.

நானோ சர்க்கரை ஆலையில்
பத்தொன்பது வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறவள்.
கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கை அகல ஓட்டை;
அதில் நுழைகிற குரல் போதுமாயிருந்தது.
மே மாதம் நான் "இறங்குகிறேன்" என்றது
என் சட்டைப் பொத்தானுக்குக் கேட்டிருக்கலாம்.
தேர்வாளர் சிபுசிசோ ம்கீஸே,
மற்ற நாளில் டர்பன் பேருந்து ஓட்டுகிறவர்,
தாளை நான்காக மடித்தார்.
பறந்தது நன்றாக இருந்தது, என்றார்.
நீங்கள் இங்கே இருந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து
கார் ஜன்னலை ஏற்றிவிட்டு
ஆலைக்குப் போகிற வழியெல்லாம் கத்தினேன்.
சிவப்பு விளக்கில் ஒரு லாரிக்காரன்
தன் ஜன்னலை இறக்கி,
போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான்.

கத்துவதுகூடப் பழகிவிடும்.
விலகிப் போகும்வரை
விமானத்தின் இடது என் இடது.
திரும்பி என்னை நோக்கி வரும்போது
எல்லாம் மாறிவிடுகிறது.
விரல் ஒன்று சொல்லும்,
இறக்கை வேறொன்று கேட்கும்.
முதல் விமானம் அப்படித்தான் கரும்புக்குள் போயிற்று.
அறுவடையில் கிடைக்கும் என்றார்கள்.
அறுக்குமுன் கொளுத்துவார்கள் என்பதை
யாரும் சொல்லவில்லை,
எனக்கும் தோன்றவில்லை.

தாழ்கிற இறக்கைப் பக்கமே குச்சியைத் தள்ளு,
சாய்கிற அலமாரிக்கு முட்டுக் கொடுப்பதுபோல.
அவ்வளவுதான் சூத்திரம்.
மேசையில் ஸ்டேப்ளரை என் பக்கம் திருப்பிவைத்து
சம்பளத் தேதிகளுக்கு நடுவே
முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட், சனிக்கிழமை.
தென்மேற்குக் காற்று முந்தின இரவே அடித்து ஓய்ந்திருந்தது.
எங்கோ ஒரு பண்ணையில் கரும்பு எரிந்தது;
சாம்பல் இழை இழையாக வந்து
மஞ்சள் இறக்கையில் உட்கார்ந்தது.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு ஏற்றினேன்.
ஏறுகிறேன் என்று சொன்னேன், கேட்டது.
எட்டுப் போட்டேன்;
இரண்டாவது வளையம் கொஞ்சம் பெருத்துவிட்டது.
ம்கீஸேயின் பேனா அசையவில்லை.
புகைக்கு வந்த பருந்து
இரண்டு சுற்று கூடவே வந்து பார்த்துவிட்டு
எலி ஓடும் திசைக்குப் போனது.

பிறகு என் காதருகே, சாதாரணமாக:
உங்கள் மோட்டார் போய்விட்டது.

வேகக் குச்சியை அடிவரை இழுத்தேன்.
சத்தம் அறுந்தது.
அத்தனை பெரிய வானம் அதுவரை அங்கே இல்லை.
விமானம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.
ஓர் இறக்கை தாழ்ந்தது.
என் இடது, அதன் வலது,
யாருடையதாகவும் இருக்கட்டும்,
முட்டுக் கொடுத்தேன்.
கொடுத்தபடியே அடிவயிற்றிலிருந்து:
"மோட்டார் போச்சு! எறங்குறேன்! எல்லாரும் தள்ளுங்க!"

ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும்.
வாய்க்கு அந்த நொடியில் அகப்பட்டது இதுதான்.
ஆனாலும் ஃபான் ஸெய்ல் தன் ஜெட்டின்மேல் கவிழ்ந்தார்.
வெருலத்துப் பையன்கள் மூவரும் கம்பி வலைக்குப் பின்னால் குதித்தார்கள்.
யாருடைய நாயோ ஒன்று காருக்கடியில் போயிற்று.

சக்கரம் தொட்டு, ஒருமுறை எகிறி,
புல்லில் மூக்கைத் தேய்த்து நின்றது.

ம்கீஸே எழுதினார், வெகுநேரம் எழுதினார்.
எந்த மொழியில் என்று கேட்கிற கட்டம்
இதில் இல்லை, என்றார் நிமிராமல்.

விமானத்தை எடுத்துவரப் போனேன்.
நடுவில் நடப்பதற்கும் விதி இருக்கிறது.
நின்றேன்.
மூச்சை இழுத்தேன்.
"ஓடுபாதையில ஆளு!"

எரிகிற கரும்புவரை கேட்டிருக்கும்.